நம்ம வண்டி

அத்தியாயம் 11

மூலனூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போய்வந்து முழுதாக இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் சாமியப்பனுக்குச் சோறு இறங்காமல் போய்விட்டது.

அங்கே போட்ட விருந்தில் ஒரு குறையும் இல்லை. மகள் ஜெயபாரதிக்குப் பார்த்திருக்கும் பையன் தமிழ்செல்வனிடமும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலிடெக்னிக் படித்துவிட்டுத் தாராபுரத்தில் வேலை, வீட்டில் ஐந்து ஏக்கர் முருங்கைத் தோட்டம், வாய் நிறைய "மாமா, மாமா" என்று ஒரு பணிவு. குறையெல்லாம் சாமியப்பனின் வாயில்தான் இருந்தது.

போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் இருபத்தொரு பேர் அந்த வீட்டு வாசலில் சரக்கு வண்டியை விட்டு இறங்கினார்கள். பையனின் அப்பா மயில்சாமி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "வண்டி யாருதுங்க?" என்று கேட்டார்.

"நம்ம வண்டிதானுங்க" என்றார் சாமியப்பன்.

திருப்பூரில் எந்த டிரைவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். பனியன் துணி ஏற்றுகிறவருக்கு அது நம்ம வண்டி. டவுன் பஸ் ஓட்டுகிறவருக்கு அது நம்ம பஸ். தினமும் சாவி என் கையில் இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தமே தவிர, ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது என்பதல்ல. தோட்டக்காரரான மயில்சாமிக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும்? அவர் ஊரில் நம்ம தோட்டம் என்றால் பட்டா அவர் பேரில் இருக்கும்.

"கதவுல கம்பெனி பேரு எழுதியிருக்குதுங்களே?" என்று அவர் அடுத்ததாகக் கேட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மச்சினன்மார் நின்றார்கள், பங்காளிகள் நின்றார்கள். சாமியப்பனுக்கு நாக்கு எழவில்லை. "அட்டாச் வண்டிங்களாக்கும்?" என்று மயில்சாமியே பதிலையும் எடுத்துக் கொடுத்தார். சொந்த வண்டியைக் கம்பெனி ஓட்டத்துக்கு விட்டு, கதவில் கம்பெனி பெயரை எழுதிக்கொள்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. சாமியப்பன் தலையை ஆட்டினார். வாயால் பொய் சொல்லவில்லை என்று திரும்பி வரும் வழியெல்லாம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆட்டிய தலையும் அவருடையதுதான் என்பதை மறந்துவிட்டார்.

அவர் டிரைவராக இருக்கும் பனியன் கம்பெனியில் சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. காம்பவுண்டுக்குள் இடம் போதாததால் வண்டியை அவர் மண்ணரையில் வீட்டுப் பக்கம் நிறுத்திக்கொள்ளலாம். வேலை முடிந்து வீட்டுக்கு ஓட்டிப் போகலாம், காலையில் ஓட்டி வரலாம். அதற்கு மேல் சொந்த வேலைக்கு ஒரு அடி நகரக்கூடாது. வரும் வழியில் தக்காளி வாங்க நிறுத்தலாமா என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லாததால் தக்காளிக்கு நின்றார். பிறகு கேஸ் சிலிண்டருக்கு நின்றார். அப்புறம் மச்சினன் வீட்டுக் கட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இருபத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு மூலனூர் போனது ஒரே நாளில் வந்த தைரியம் அல்ல.

ஆனாலும் அந்தக் கிலோமீட்டரை மறைக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை பொழுதோடு மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு, கேபிளின் மரையைத் திருகிக் கழற்றிவிட்டார். சக்கரம் ஓடும், மீட்டர் ஓடாது. டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவேலைதான் அது. திங்கட்கிழமை காலையில் திரும்ப மாட்டிவிடலாம் என்று இருந்தார். திங்கட்கிழமை விடியும் முன்பே, ஷிப்மென்ட் அவசரம், கம்பெனிக்கு வந்து சீட்டு வாங்கிக்கொண்டு ஈரோட்டுக்குப் போய்த் துணி எடுத்து வா என்று போன் வந்துவிட்டது.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

* * *

காலை ஏழு மணிக்குச் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. சாமியப்பன் இலையில் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"சம்மந்தி, மயில்சாமி பேசறனுங்க. நம்ம வண்டி வெள்ளிக்கிழமை சும்மா நிக்குமுங்களா?"

சாமியப்பன் எழுந்து நின்றுவிட்டார். "எதுக்குங்க?"

"அன்னைக்கு முருங்கைக்காய் ஒடிக்கறமுங்க. கோயமுத்தூர் மார்க்கெட்டுக்கு ஏத்தித் தாட்டியுடோணும். வாடகை வண்டிக்காரன் இதா வர்றேன், அதா வர்றேன்னு இழுத்தடிக்கறான். நம்ம வண்டி இருக்கறப்ப அவன் காலுல போயி எதுக்குங்க உழுகோணும்? இன்னைக்குத் திருப்பூர்ல எனக்கொரு சோலி இருக்குது. மத்தியானம் கம்பெனிக்கே வந்தர்றேன். எத்தன கட்டு ஏறும்னு வண்டியவும் பாத்துக்கறேன்."

"நீங்க எதுக்குங்க அத்தன தூரம் செரமப்பட்டுக்கிட்டு..."

"அட, செரமம் என்னுங்க இதுல" என்று போனை வைத்துவிட்டார் அவர்.

மயில்சாமி சொன்ன நம்ம வேறு நம்ம. பெண் எடுக்கப்போகிற உரிமையில் மனதார வந்த நம்ம. அதைக் கேட்கத்தான் சாமியப்பனுக்குக் கூசியது.

மனைவி ஞானாம்பாள் சட்னிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். "ஏனுங்க, அந்தச் சங்கதிய இன்னும் சொல்லலீங்களா?"

"வெத்தல பாக்கு மாத்திக்கட்டும், பொறவு பக்குவமாச் சொல்லிக்கலாம்னு பாத்தேன்."

"ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா சிரிச்சுட்டு உட்டிருப்பாங்க. இன்னைக்குச் சொன்னா ரோசனை பண்ணுவாங்க. அடுத்த வாரம் புதங்கிழமை வெத்தல பாக்கு மாத்தி, அதுக்குப் பொறவு சொன்னீங்கன்னா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்றாள் அவள். அப்புறம் குரலை இறக்கி, "கம்பெனியில கேட்டுட்டுத்தான எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"கேட்டுட்டுத்தான் எடுத்தேன்" என்றார் சாமியப்பன். ஒரு பொய் தனியாக வாழாது. துணைக்கு ஒன்றைக் கூட்டி வந்துவிடும்.

"அப்பச் செரி. சம்மந்தியச் சாயங்காலம் ஊட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. ஒறம்பரை இத்தன தூரம் வந்துட்டு வாசலோட திரும்பிப் போனா நல்லாவா இருக்கும்? கச்சாயம் சுட்டு வெக்கறேன்."

* * *

ஜெயபாரதிக்கும் வேலை அதே கம்பெனியில்தான். பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருஷமாக ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். வண்டிகள் வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் வாட்ச்மேன் அப்புசாமி மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பார். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலைகளில் ஒன்று. அப்புசாமி நம்பரைப் பார்ப்பார், எழுதுவார். எழுதியதைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பத்து மணிக்கு அவள் அப்பாவைத் தேடிக்கொண்டு லோடு இறக்கும் இடத்துக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, சித்த அக்கட்டால வாங்க."

துணி ரோல்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போனார்கள்.

"நேத்து ஈரோடு போயிட்டுத்தான வந்தீங்க?"

"ஆமா கண்ணு. சாயப்பட்டறையில பதினெட்டு ரோல் ஏத்திட்டு வந்தேன். நீயே பில்லப் பாத்திருப்பியே."

"பில்லு செரியா இருக்குது. மீட்டர்தான் போறப்ப எழுதுனதும் வர்றப்ப எழுதுனதும் ஒரே நம்பரா இருக்குது. கம்ப்யூட்டர் கழிச்சுப் பாத்துட்டு சைபர்ங்குது. ஈரோடு என்ன நம்ம காம்பவுண்டுக்குள்ளயா இருக்குது?"

சாமியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியில் ஏறியதிலிருந்து ஈரோடு போய்ச் சேரும்வரை அவருக்கு மூலனூர் நினைப்புத்தான். முள் அசையாமல் கிடந்ததைக் கண் பார்த்தும் மனசு பார்க்கவில்லை. திருட்டு ஓட்டத்துக்காகக் கழற்றிய கேபிள், நேர்மையாக ஓடிய ஓட்டத்தில் போய்க் காட்டிக் கொடுத்துவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சாமியப்பன் கெட்டிக்காரர்கூட இல்லை, இரண்டே நாள்.

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததிலேயே முக்கால்வாசி புரிந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை போறதுக்கு மீட்டரக் கழட்டியுட்டீங்களா?"

அவர் பக்கத்து ரோலின் உறையை இழுத்துச் சரிசெய்தார்.

"அப்ப, கம்பெனியில கேட்டுட்டுத்தான் எடுத்தேன்னு காலையில அம்மாகிட்டச் சொன்னது?"

மாடியில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஹிந்திக்காரப் பையன்கள் இரண்டு பேர் ரோலைத் தோளில் வைத்துக்கொண்டு கடந்து போனார்கள். அவர்கள் போகிறவரை காத்திருந்து, சாமியப்பன் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நீயே ஒரு நூத்திப்பத்து போட்டுக்க கண்ணு. ஈரோட்டுக்கு அவ்வளவுதான் ஆகும். அதுல ஒண்ணும் பொய்யில்ல."

"வாட்ச்மேன் நோட்டு அப்படியே இருக்குமேப்பா?"

"அத யாரு எடுத்துப் பாக்கறாங்க?"

"வண்டி மீட்டர்ல நூத்திப்பத்து கம்மியா இருக்குமே?"

"அத நான் பாத்துக்கறேன். நீ போடு."

அவள் சண்டை போட்டிருக்கலாம். முடியாது போங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சாமியப்பனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் உட்காருவதும், கீ போர்டில் மூன்று தட்டுத் தட்டுவதும் இங்கிருந்தே தெரிந்தது.

இவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்ட அன்று, கம்பெனி குண்டூசி ஒன்றுகூட நம் வீட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியவர் அவரேதான். அது நினைவுக்கு வந்ததும் சாமியப்பனுக்கு முகம் பற்றி எரிந்தது. வண்டிக்குள் ஏறி, மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு, கேபிளை மாட்டினார். அவசரத்தில் மரை நாலு தடவை நழுவியது.

* * *

சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் மயில்சாமி கேட்டுக்குள் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் முருங்கைக்காய் நிறைந்த ஒரு பை. வாட்ச்மேனிடம் அவர் சொல்வது லோடு இறக்குமிடம் வரைக்கும் கேட்டது.

"சாமியப்பனுக்குச் சம்மந்திங்க நான். அவரு வண்டியப் பாக்க வந்தேன்."

"அவரு வண்டிங்களா?" அப்புசாமி சிரித்தார். "சைக்கிளச் சொல்றீங்களா?"

மயில்சாமியும் ஏதோ கேலி என்று சிரித்துவிட்டு வந்தார். சாமியப்பன் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சம்மந்தி. வாங்க, டீக்கடைக்குப் போயிப் பேசலாம்." எப்படியாவது அவரை வாசலுக்கு வெளியே கொண்டு போய்விட்டால் போதும் என்று இருந்தது. டீக்கடையில் உட்கார வைத்து உண்மையைச் சொல்லிவிடுவதாகவே நினைத்திருந்தார். அதை நாம் நம்பலாம். ஆனால் மயில்சாமி அதற்குள் வண்டிக்குப் பக்கத்தில் போய்விட்டார். பின்கதவை இறக்கிப் பார்த்தார். டயரைத் தட்டினார். நல்ல மாட்டைப் பார்க்கிற மாதிரி எட்டி நின்று பார்த்தார்.

மேனேஜர் தங்கதுரை கை கழுவிவிட்டு அந்த வழியாக வந்தார். முப்பத்தைந்து வயது, சாமியப்பனை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுகிறவர். "யாருங்கண்ணா, ஒறம்பரைங்களா?"

சாமியப்பன் வாயைத் திறப்பதற்குள் மயில்சாமியே கும்பிட்டார். "இவரு பொண்ண என்ற பையனுக்கு எடுக்கறமுங்க. நீங்கதான் மேனேஜருங்களா? நல்லதாப் போச்சு. இவரு வண்டி உங்க கம்பெனியிலதான ஓடுது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் எனக்கு உட்டுக் குடுக்கோணும்."

"யாரு வண்டிங்க?"

"இதாங்க. ஞாயித்துக்கிழமை இதுலதான் எங்க ஊட்டுக்கு வந்தாங்க. இருபத்தொரு பேரு. மனசு நெறஞ்சு போச்சுங்க எங்களுக்கு."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். தங்கதுரை திரும்பிச் சாமியப்பனைப் பார்த்தார். லோடு ஏற்றுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபடி நின்றுவிட்டார்கள்.

"வண்டி என்னுது இல்லீங்க சம்மந்தி" என்றார் சாமியப்பன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. "கம்பெனி வண்டிங்க. நான் டிரைவர். நம்ம வண்டின்னு வாய் வழக்கத்துல சொல்லிட்டனுங்க. நீங்க சொந்த வண்டின்னு நெனச்சீங்க. நானும் நெனச்சுக்கட்டும்னு உட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை இவுங்ககிட்டயும் கேக்காமத்தான் எடுத்தேன்."

சொல்லிவிட்டார். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பாவம்.

மயில்சாமி கையிலிருந்த பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். தங்கதுரைதான் பேசினார். சத்தம் போடாமல் பேசினார், அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இருபத்தொரு பேருங்களாண்ணா? சரக்கு வண்டியிலயா? தாராபுரம் ரோட்டுல ஒரு டயர் வெடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? இன்சூரன்ஸ்காரன் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். உங்க ஊட்டு வாசல்ல வந்து நாங்க எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது? கேட்டிருந்தா மொதலாளியே ஒரு வேனு புடிச்சுக் குடுத்திருப்பாரே. பாப்பா கல்யாணம்னா குடுக்க மாட்டாரா?"

சாமியப்பன் தலையை நிமிர்த்தவில்லை. அது உண்மை. முதலாளி கொடுத்திருப்பார். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் அவர் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம், எடுக்கக் கூச்சமில்லை.

தங்கதுரை போகத் திரும்பியவர் நின்றார். "ஆனா மூலனூர் போயிட்டு வந்தா கிலோமீட்டர் எச்சா காட்டியிருக்கோணுமே? நேத்து நான் பாத்தப்ப ஒண்ணும் தெரியலையே?"

அவர் நேராக வாட்ச்மேன் அறைக்குப் போய் நோட்டை எடுத்தார். அங்கிருந்து ஆபீஸுக்குப் போனார். சாமியப்பன் பின்னாலேயே ஓடினார். என்ன செய்வது என்று தெரியாமல் மயில்சாமியும் பையோடு வந்தார்.

"ஜெயபாரதி, நேத்து ஈரோடு ட்ரிப்ப எடும்மா."

அவள் எடுத்தாள். தங்கதுரை நோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "நோட்டுல சைபர். இங்க நூத்திப்பத்து. இது எங்கிருந்து வந்துச்சு?"

ஜெயபாரதி எழுந்து நின்றாள். வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள். மயில்சாமியை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் யார் என்று தெரிந்துவிட்டது.

"நாந்தானுங்க போட்டேன். சைபர்னு வந்துச்சுங்க. மீட்டர் ரிப்பேரா இருக்கும்னு வழக்கமா ஆகற கிலோமீட்டரப் போட்டுட்டனுங்க. அப்பாவுக்கு இது தெரியாதுங்க."

நல்ல பதில். நம்பக்கூடிய பதில். சாமியப்பன் வாயை மூடிக்கொண்டிருந்தால், இனிமேல் கேட்டுவிட்டுப் போடம்மா என்ற ஒரு வார்த்தையோடு முடிந்திருக்கும்.

அவர் வாயை மூடிக்கொண்டுதான் நின்றார். ரொம்ப நேரமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிற நேரம். அந்த நாலு எண்ணுக்குள் வேலை தப்பித்துவிடும், மீட்டர் சமாசாரம் அமுங்கிவிடும், மகளுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றெல்லாம் அவர் மனசு ஓடிவிட்டது. பிறகுதான் மகளின் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்திருப்பதைப் பார்த்தார். நகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"நாந்தான் போடச் சொன்னனுங்க" என்றார். "ஞாயித்துக்கிழமை போறதுக்காகக் கேபிளக் கழட்டியுட்டு, மாட்ட மறந்துட்டேன். பாப்பா மேல தப்பு இல்லீங்க."

தங்கதுரை நோட்டை மூடினார். "சாவியக் குடுங்கண்ணா. மொதலாளி நாளைக்குச் சென்னையில இருந்து வர்றாரு. அவரு சொல்லட்டும்." அப்புறம் மகளைப் பார்க்காமல், "நீ இனிமே ட்ரிப் ஷீட் தொட வேண்டாம்மா. வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார்.

சாமியப்பனுக்குத் தன் சாவி போனது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாவது வாக்கியம்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மயில்சாமி உள்ளே வந்து முருங்கைக்காய்ப் பையை ஜெயபாரதியின் மேஜை மேல் வைத்தார். "அம்மாகிட்டக் குடு சாமி" என்றார். அவ்வளவுதான். கேட் வரைக்கும் சாமியப்பன் கூடவே நடந்தார். ஏதாவது சொல்லித் திட்டிவிட்டுப் போக மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டு நடந்தார்.

கேட்டில் மயில்சாமி நின்றார்.

"வண்டி இல்லாதது ஒரு குத்தமில்லீங்க. எங்கய்யன் அடுத்தவன் காட்டுல ஏரு ஓட்டுனவருதான். நீங்க அங்க நின்னு சொன்னப்ப, பரவால்ல, மனுசன் சொல்லிப்போட்டாருன்னுதான் நெனச்சேன். ஆனா அந்தப் புள்ள உங்களுக்காகப் பொய் சொல்லுச்சு பாருங்க, அதக் கேட்டுட்டு நீங்க சித்த நேரம் நின்னீங்க. அது எனக்குச் செரியாப் படலீங்க. ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லியுடறேன்."

"சம்மந்தி..." என்றார் சாமியப்பன்.

அவர் அந்த வார்த்தைக்குத் திரும்பவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டார்.

* * *

மூன்று மணிக்கு நோட்டீஸ் போர்டில் புதுத் தாள் ஒன்று ஏறியது. கம்பெனி வண்டியைப் பணி நேரம் தவிர சொந்தப் பயணத்துக்கு எடுக்கக் கூடாது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது. வண்டி இனி வீட்டுக்குப் போகாது, காம்பவுண்டிலேயே நிற்கும். எல்லா டிரைவர்களும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தங்கதுரை சொல்லச் சொல்ல அதை அடித்தது ஜெயபாரதி. ஆபீஸில் தமிழ் டைப் அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மற்ற டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களும் தக்காளிக்கு நின்றவர்கள்தான். இனி ராத்திரி ஷிப்மென்ட் முடித்து, அவரவர் வீட்டுக்கு நடந்தோ பஸ் பிடித்தோதான் போக வேண்டும். யாரும் சாமியப்பனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவர் மட்டும் பேனாவை அவரிடம் நீட்டி, "போடுங்கண்ணா" என்றார்.

ஆறு மணிக்கு அப்பாவும் மகளும் நடந்தே வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஜெயபாரதி இரண்டடி முன்னால் போனாள். ரயில்வே கேட் தாண்டி, மண்ணரைப் பிரிவு வரைக்கும் அந்த இரண்டடி குறையவில்லை. அங்கே வந்ததும் திரும்பாமலே சொன்னாள்.

"இனி எங்கிட்ட எதயும் போடச் சொல்லாதீங்கப்பா."

"செரி கண்ணு" என்றார் அவர். அந்தக் கண்ணு என்கிற வார்த்தையைச் சொல்லத் தனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

வீட்டில் ஞானாம்பாள் அடுப்பு முன்னால் இருந்தாள். ஒரு தட்டு நிறையக் கச்சாயம் சுட்டு வைத்திருந்தாள். இரண்டு பேராக வந்ததைப் பார்த்து, "ஒறம்பரை எங்கீங்க?" என்று கேட்டாள். சாமியப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், நாலு எண்ணியதையும் சேர்த்து. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததால் மிச்ச மாவையும் எடுத்து ஊற்றினாள். "கேட்டுட்டுத்தான் எடுத்தேன்னு காலையிலகூடச் சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மணி வாக்கில் செல்போன் அடித்தது. மூலனூர் நம்பர்.

சாமியப்பன் அவசரமாகக் காதில் வைத்தார். "சொல்லுங்க."

"ஏனுங்க, தமிழ்செல்வன் பேசறனுங்க." குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. மாமா மட்டும் இல்லை. "அந்தப் புள்ளகிட்டச் சித்த குடுக்கறீங்களா?"

"எதுனாலும் எங்கிட்டச் சொல்லுங்க மாப்ள. தப்பெல்லாம் என்னுதுதான்."

"இல்லீங்க, கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்டக் கேட்டா எது நெசம்னு எனக்கு மட்டுப்படாதுங்க. அவிங்களே சொல்லட்டும்."

இத்தனை பணிவாக யாரும் சாமியப்பனை அடித்ததில்லை. போனை மகளிடம் நீட்டினார். ஜெயபாரதி வாங்கிக்கொண்டு வெளியே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். அவள் பேசுவது மட்டும் உள்ளே கேட்டது.

"ஆமாங்க... போடச் சொன்னது எங்கப்பா. போட்டது நானு."

பிறகு, "இல்லீங்க, மெரட்டியெல்லாம் சொல்லலீங்க. அப்பா கேட்டாரு, போட்டேன். போட்டது தப்புத்தான்."

அப்புறம் நெடுநேரம் அந்தப் பக்கத்துப் பேச்சாகவே இருந்தது. ஞானாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து வந்து கதவருகே நின்றாள்.

"அதெப்படீங்க?" என்றாள் ஜெயபாரதி. "எங்கப்பா இல்லாமயா? வெத்தல பாக்கு வாங்கறது பின்ன யாருங்க?"

மறுபடியும் அந்தப் பக்கம் பேசியது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"செரிங்க. நாளைக்குச் சொல்றேனுங்க."

உள்ளே வந்து போனை மேஜை மேல் வைத்தாள். சாமியப்பன் எழுந்து நின்றார்.

"என்ன கண்ணு சொன்னாரு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. சும்மாதான் பேசுனாரு. வாங்க, சாப்பிடலாம்" என்றாள் ஜெயபாரதி, அவர் முகத்தை நேராகப் பார்த்து.

முகம் மாறாமல், குரல் தடுமாறாமல் சொன்னாள். காலையில்கூட அவளுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. சாமியப்பன் ஒன்றும் கேட்காமல், அவள் போட்ட தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.